இடது கன்னம்

அந்தக் கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் டச்சப்காரர்தான். பதினெட்டு வருடமாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். படம் எடுப்பதில் பெரிய சூரர் என்று சொல்ல முடியாது. எடுத்த படத்தைச் சீர் செய்வதில்தான் அவருடைய கை பேசும். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத் துடைப்பார். முகப்பருவை உதிர்ப்பார். முன்மண்டையில் நாலு முடியை நட்டு வைப்பார். ஒட்டிய கன்னத்துக்குக் கொஞ்சம் சதை கொடுப்பார். வந்தவர் தன் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கையில் வாங்கி, நான் இவ்வளவு நன்றாகவா இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குப் பூராவும் அவருக்குத் தலைகால் புரியாது.

கடை சின்னதுதான். முன்னால் ஒரு கண்ணாடி மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். பின்னால் திரை போட்ட அறை. அதில் ஒரு சுழல் நாற்காலி, இரண்டு குடைவிளக்கு, ஒரு வெள்ளைத் துணி, ஒரு நீலத் துணி, தலை சீவிக்கொள்ள ஒரு கண்ணாடி, பல் உடைந்த சீப்பு. கோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு அதை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார். குண்டாக இருப்பவர்களுக்கு முதுகுத் தையலைப் பிரித்துவிட்டிருந்தார். முன்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் அதிகாரிதான்.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் கூப்பிடும் பெயர் சிட்டு. அவள் பிறந்தபோதே இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. மச்சம் என்றால் கடுகளவு மச்சம் இல்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம் முழுக்கப் பரவி, தாடைவரை இறங்கிய கருஞ்சிவப்பு. டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கும், பிள்ளை பாட்டுக்கு வளரும் என்றார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவருடைய மனைவிக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. பிள்ளையை வாங்கி அந்த மச்சத்தின் மேலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். டச்சப்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனத்தில் ஓடியது வேறு.

மூன்றாம் மாதம் முதல் படம் எடுத்தார். கடையைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வலது கன்னத்திலிருந்து தோலை எடுத்து இடது கன்னத்தில் வைத்து, விளிம்பு தெரியாமல் கலந்துவிட்டார். வேலை அவ்வளவு சுத்தம். மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நாளைக்குப் பெரியவளானால் நமக்கு நன்றி சொல்வாள் பார் என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் உள்ள சங்கடமே அதுதான். கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அவர் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். தாங்கிய கையாலேயே அழித்தார்.

முதல் பிறந்தநாள், முதல் பல், முதல் நாள் பள்ளிக்கூடம், பல் விழுந்த வாய், சைக்கிள், பரிசு வாங்கிய மேடை என்று வருடம் தவறாமல் படம் எடுத்தார். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. போகப் போக இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாகி, இருபது நிமிடம் ஐந்து நிமிடமாயிற்று. கோப்பைத் திறந்தால் கை தானாக இடது கன்னத்துக்குப் போகும். யோசிக்க வேண்டியதே இல்லை. கடையில் எல்லாப் படத்துக்கும் ஒரே வழக்கம்தான்: டச்சப் செய்ததை மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். பருவோடு இருக்கும் படத்தை யார் வந்து திரும்பக் கேட்கப் போகிறார்கள்? மகள் படத்துக்கும் அதே வழக்கம். போனில் எடுக்கும் படங்களையும் விடமாட்டார். பொழுது போகாத மத்தியானங்களில் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்துவிடுவார்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய படங்கள் ஒன்பது இருந்தன. வருகிற உறவுக்காரர்கள் அவற்றை அண்ணாந்து பார்ப்பார்கள். போட்டோவில் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்பார்கள். அப்புறம் கீழே நிற்கும் பிள்ளையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்பார்கள். டச்சப்காரருக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் விழும்.

சிட்டு ஆறாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் நோய் பரவி, பள்ளிக்கூடம் போனுக்குள் வந்துவிட்டது. அவளுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் முகமும் தெரியும். இவளுடைய கட்டம் மட்டும் கறுப்பாக இருக்கும். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். அப்பா கவனித்தார்தான். வெட்கப்படுகிறாள், வயசு அப்படி என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் அவளே ஓடி வந்து போனைக் காட்டினாள். முகத்துக்கு நேரே பிடித்தால் மச்சம் இல்லை. தலையை ஆட்டினாள், இல்லை. சிரித்தாள், இல்லை. நாக்கை நீட்டினாள், அப்போதும் இல்லை. ஃபில்டர் என்று சொன்னாள். டச்சப்காரர் வாயைப் பிளந்துவிட்டார். நின்ற படத்திலேயே விளிம்பைக் கலக்க அவர் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும்? இது ஓடுகிற முகத்தில் ஒரு நொடியில் செய்கிறது. தொழில்காரனின் மரியாதையோடு சொன்னார்: "பிரமாதமா இருக்கே. இத அப்படியே வச்சுக்கோ." அவள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் தலைப்பின்னல் வீடியோ போட ஆரம்பித்தாள். கை சுறுசுறுப்பு அப்பாவிடமிருந்து வந்தது. மூன்று கால் பின்னல், ஐந்து கால் பின்னல், மீன்முள் பின்னல், தலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும் பின்னல் என்று நாற்பது வகை செய்து காட்டினாள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் நாலாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். பின்னலைப் பற்றிக் கேட்டவர்களைவிடத் தோலைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அக்கா, முகத்துக்கு என்ன போடுகிறீர்கள், என்ன சோப்பு என்று கேட்பார்கள். இவளும் ஏதோ ஒரு சோப்பின் பெயரைச் சொல்லிவைப்பாள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனைத் திறந்து காட்டினார்.

அதே வாயால் அவர் செய்த உபதேசங்களையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் பிள்ளைகள் தங்கள் போனை நீட்டி, அங்கிள், இந்த மாதிரி பண்ணிக் கொடுங்கள் என்பார்கள். பார்த்தால் ஃபில்டர் போட்ட முகம். கண் பெரிதாக, மூக்கு கூர்மையாக, தாடை பாதியாக. அவரும் மறுக்காமல் செய்து கொடுப்பார். பிள்ளை போனதும் கூட வந்த தாயை அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தன் முகம் தனக்கே பிடிப்பதில்லை, எல்லாம் இந்தப் போன் செய்கிற வேலை, நாமெல்லாம் இப்படியா வளர்ந்தோம் என்று அரைத்த மாவையே அரைப்பார். தாய்மார்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பேசும்போது அவருடைய கை அடுத்த பிள்ளையின் தாடையைச் சீவிக்கொண்டிருக்கும்.

இதற்கிடையில் சிட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. தூசு ஒத்துக்கொள்வதில்லை என்றாள். பள்ளிப் பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள், கன்னம் கண்ணாடிப் பக்கம் இருக்கும்படி. சுற்றுலாவுக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். காலிங்பெல் அடித்தால் எழுந்திருக்க மாட்டாள். முன்பெல்லாம் மச்சத்தோடேயே தெருவில் சைக்கிள் விட்ட பிள்ளை அவள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய வீடியோக்களைப் பார்த்துப் பழக்கமான ஒரு பெண், அவற்றில் பின்னால் தெரிந்த ஸ்டுடியோவைத் தேடிப் பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். அக்காவைப் பார்க்க வேண்டும், அக்கா கையால் ஒரு பின்னல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசையாகச் சொன்னாள். சிட்டு அப்போது கடையில்தான் இருந்தாள். குரல் கேட்டதும் திரைக்குப் பின்னால் போய், விளக்கை அணைத்துவிட்டு, சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டச்சப்காரர் ஒரு கணம் திரையைப் பார்த்தார். அவள் ஊரில் இல்லை என்று வந்த பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் நம்பாமல், கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன் என்று முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரமும் திரைக்குப் பின்னால் நாற்காலி ஒரு கிரீச்சுகூடப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் போனைத் திட்டினார். இந்தச் சனியனைத் தூக்கி உடைத்தால்தான் பிள்ளை உருப்படும் என்றார். மனைவி துணி மடித்துக்கொண்டே, போனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், சுவரைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள் என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும், நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும் என்று அடக்கிவிட்டார்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஹால் டிக்கெட்டுக்குப் படம் கேட்டார்கள். கடையிலேயே எடுத்து, கடையிலேயே முடித்து, அவரே இணையத்தில் ஏற்றினார். எப்போது கை இடது கன்னத்துக்குப் போயிற்று, எப்போது திரும்பி வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தேர்வு மையம் வேறொரு பள்ளிக்கூடம். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முதல் நாள் காலை வாசலில் இறக்கிவிட்டு, கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். அது பாதி ஏறுவதற்குள் போன் அடித்தது. உங்கள் மகளின் ஹால் டிக்கெட் விஷயமாக உடனே வர வேண்டும் என்றார்கள். மறந்துவிட்டுப் போய்விட்டாளோ என்று அவர் வண்டியைத் திருப்பினார்.

தலைமை ஆசிரியை அறையில் நாற்காலி நுனியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்கைக் கழற்றிக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மேஜையில் ஹால் டிக்கெட் கிடந்தது. ஹாலில் மேற்பார்வை பார்க்கும் இளைஞர் பக்கத்தில் விறைப்பாக நின்றார். முகத்தைச் சரிபார்க்க மாஸ்க்கை எடுக்கச் சொன்னது அவர்தான். ஹாலில் உட்கார்ந்திருந்த முப்பது பிள்ளைகளும் நிமிர்ந்து பார்க்க, ஆள்மாறாட்டம் என்று எழுப்பிக்கொண்டு வந்ததும் அவர்தான். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. படத்தில் இருந்தது வேறு ஒரு பெண். கதவோரம் ஒரு கிளார்க்கும் தண்ணீர் கொண்டு வந்த ஆயாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பன்னிரண்டு.

இந்தப் படம் யாருடையது என்று தலைமை ஆசிரியை பொறுமையாகவே கேட்டார். என் மகளுடையதுதான் என்றார் இவர். அப்படியானால் மச்சம் எங்கே என்று கேட்டார் அவர்.

டச்சப்காரர் ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "லைட் கொஞ்சம் அதிகமா பட்டிருக்கும் மேடம். ஃப்ளாஷ் நேரா விழுந்தா சில சமயம் தெரியாது," என்றார்.

சொல்லும்போதே அவருக்குக் காது சுட்டது. எந்த வெளிச்சத்திலும் மறையாத மச்சம் அது. அவரைவிட அது யாருக்குத் தெரியும்? மேற்பார்வையாளருக்கோ கோபம் வந்துவிட்டது. படம் எடுத்தவனைச் சொல்ல வேண்டும், ஒரு பிள்ளையின் எதிர்காலம் என்ற அக்கறைகூட இல்லாத அரைவேக்காட்டுப் பயல், எந்த ஸ்டுடியோ சார் அது, சொல்லுங்கள், கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்போம் என்றார். டச்சப்காரர் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டுடியோவின் பெயர் அவருடைய சட்டைப் பையில் சொருகியிருந்த பேனாவில் பொன்னெழுத்தில் இருந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டார். அந்தக் கையை மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, சொல்லு. மணி ஆகுது," என்றாள் சிட்டு.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"ஸ்டுடியோ என்னோடதுதான் மேடம். நான்தான் எடுத்தேன். மச்சத்த நான்தான் அழிச்சேன்."

"எதுக்கு?"

"பழக்கம் மேடம்."

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தலைமை ஆசிரியைக்கு நேரம் ஓடுவது உறைத்தது. சரி, உங்கள் போனில் இவளுடைய வேறு படம் இருக்குமே, ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள், மச்சம் தெரிந்தால் போதும், நான் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே அனுப்புகிறேன் என்றார்.

இது என்ன பெரிய விஷயம் என்று டச்சப்காரர் போனை எடுத்தார். மகள் படம் அவர் போனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். தள்ளினார். பிறந்தநாள் படம்; கன்னம் சுத்தம். தள்ளினார். சைக்கிள், சுத்தம். பரிசு மேடை, மழைக்கோட்டு, ஊஞ்சல், பூனைக்குட்டியோடு ஒன்று. எல்லாம் சுத்தம். தள்ளத் தள்ள அவருடைய கட்டைவிரல் வேகமாயிற்று. வேர்வையில் திரை வழுக்கியது. ஒரு படத்தில் பாதி முகம்தான் இருந்தது, அந்தப் பாதியிலும் துடைத்திருந்தார். தலைமை ஆசிரியை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மணி பத்து இருபத்தைந்து.

"என் ஃபோன்லயும் இருக்காது மேடம்," என்று சிட்டு தானாகவே சொன்னாள்.

தலைமை ஆசிரியை அவளைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார். அதுவரை இருந்த அதிகாரம் அவர் முகத்திலிருந்து போய், அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. டச்சப்காரருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

வழி கண்டுபிடித்தது கதவோரம் நின்ற கிளார்க்தான். பள்ளிகளிலிருந்து வந்த பட்டியலில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருக்குமே மேடம் என்றார். அந்தப் பட்டியல் கட்டு பீரோவில் இருந்தது. சாவி வேறொருவரிடம் இருந்தது. சாவி வந்து, கட்டைப் பிரித்து, பக்கத்தைத் தேடி எடுக்க இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. தலைமை ஆசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை பெரிய மச்சம், பிறவியிலேயே உள்ளது. மூன்றரை வயதில் பள்ளியில் சேர்க்கும்போது அம்மா எழுதிக் கொடுத்தது, அப்படியே வருடா வருடம் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு வந்திருக்கிறது. சிட்டு தலையைத் தூக்கி, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போம்மா. போய் எழுது," என்றார் தலைமை ஆசிரியை.

போன நேரம் போனதுதான், கூடுதல் நேரம் கொடுக்க விதி இல்லை. அடுத்த தேர்வுக்குள் புதுப் படம் கொண்டுவர வேண்டும் என்று டச்சப்காரரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, உள்ளது உள்ளபடி என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் கடைக்குப் போகவில்லை. வாசலில் வண்டியின்மேல் சாய்ந்து நின்றார். வெயில் ஏறியது. மற்ற பெற்றோர்கள் கேள்வித்தாள் கடினமாக இருக்குமா என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் இவரிடமும் வந்து, உங்கள் மகள் எப்படிப் படிப்பாள் என்று கேட்டார். நன்றாகப் படிப்பாள் என்று இவர் சொன்னார். அவளைப் பற்றி அவர் யாரிடமும் மறைக்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. முப்பது பிள்ளைகள் முன்னால் அவள் எழுந்து நடந்த நடையை அவர் பார்க்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்து, மற்ற பிள்ளைகளெல்லாம் போய் வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள். நாலு கேள்வி விட்டுவிட்டேன் என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று நிறுத்திக்கொண்டார். அவள் வண்டிப் பெட்டியில் விட்டுப்போயிருந்த தன் போனை எடுத்து உயிரூட்டினாள். அது விடாமல் துடித்தது. அதே ஹாலில் இருந்த யாரோ ஒருத்தி, ஹால் டிக்கெட் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, காலையில் நடந்ததை அவளுடைய வீடியோவுக்குக் கீழே அதற்குள் எழுதிவிட்டிருந்தாள். சிட்டு கொஞ்சம் படித்துவிட்டு, போனை அப்பாவிடம் நீட்டி, நீயே வைத்துக்கொள் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். அவர் பார்த்தார். பின்னல் அக்கா டூப்ளிகேட் என்று ஒருத்தி. அக்கா, சோப்பு வேலை செய்யவில்லை போலிருக்கிறதே என்று இன்னொருத்தி. அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுப் போனை அணைத்தார்.

நேராகக் கடைக்கு வந்தார்கள். ஷட்டர் காலையில் விட்டபடி பாதியில் நின்றது. அவள் குனிந்து உள்ளே போய், விளக்கைத் தானே போட்டு, வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினாள். அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். பதினைந்து வருடமாக அவளைப் படம் எடுக்கும்போது சொல்கிற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது: கொஞ்சம் இடப்பக்கம் திரும்பு. திரும்பினால் அந்தக் கன்னம் பாதி மறையும், அழிப்பதற்கு வேலை குறையும். சொல்லை விழுங்கிக்கொண்டார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தார்.

கம்ப்யூட்டரில் படம் விரிந்தது. அவள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். திரையில் படம் பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று. கடைசியில் இடது கன்னம் மட்டும் நிறைந்து நின்றது. யார் பெரிதாக்கியது என்று ஒரு நொடி அவருக்கு விளங்கவில்லை. தன் கைதான் என்று தெரிந்ததும், அதை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுடும்மா," என்றார் திரையைப் பார்த்தபடியே.

ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது அவருக்கு. பழைய ஹார்டு டிஸ்க்குகள் நாலைந்து அலமாரியில் கிடக்கின்றன, அவற்றில் தேடினால் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றாவது அழிக்காமல் இருக்கும், இன்றைக்கே எடுத்துத் தருகிறேன் என்று படபடவென்று சொல்லிக்கொண்டு எழுந்தார்.

"இருக்காதுப்பா. நான் தேடிட்டேன்."

எப்போது என்று கேட்டார்.

"ஏழாவது படிக்கறப்ப. லீவுல நீ சாப்பிடப் போவியே, அப்பல்லாம் இங்க உக்காந்து தேடினேன். ஒவ்வொரு வருஷமா பின்னாடி போய்ப் பாத்தேன்."

"எதுக்கும்மா?"

"இது எனக்கு எப்ப வந்துச்சுன்னு பாக்கத்தான்."

அவருக்குப் புரியவில்லை. நின்றபடியே அவள் முகத்தைப் பார்த்தார்.

"எதுலயும் இல்ல. குழந்தையா இருக்கறப்பவும் இல்ல. அப்ப, எனக்கு முதல்ல நல்லாத்தான் இருந்திருக்கு, அப்புறம் நான் ஏதோ பண்ணித்தான் வந்துடுச்சுன்னு நினைச்சேன். அந்த ஃபில்டர் வந்தப்ப, பழைய முகம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சுப்பா. அதான் உன்கிட்ட காட்ட ஓடி வந்தேன்."

அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்றார் அவர்.

"கேட்டேன். பொறக்கறப்பவே இருந்துச்சுன்னுதான் அம்மா சொன்னாங்க. நான் அழக்கூடாதுன்னு சும்மா சொல்றாங்கன்னு நினைச்சேன். போட்டோல இல்லையே. இன்னைக்கு அந்த மேடம் படிச்சாங்கல்ல, அப்பதான் நம்பினேன்."

டச்சப்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் வண்டியில் சாய்ந்து நின்றபோது, இதற்கு மேல் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

"அம்மா சொன்னதுதாம்மா நிஜம். நீ பொறந்தப்பவே இருந்துச்சு. போட்டோ எல்லாம் பொய். நான் பண்ண பொய்."

"இத நீ அப்பவே ஒரு தடவ சொல்லியிருக்கலாம்லப்பா," என்றாள் சிட்டு.